வரும் நேரம், போகும் நேரம்

டென்மார்க்கில் நகரசபைகள் பிழை விடுவதில்லை. அவை கற்றுக்கொள்கின்றன. ஒரு வீதியை ஒரே வருடத்தில் இரண்டு முறை தோண்டினால் அது ஒரு கற்றல். ஒரு பாடசாலையை மூடிவிட்டு, பிள்ளைகள் கூடிவிட்டார்கள் என்று அதே இடத்தில் இன்னொன்றைக் கட்டினால் அது இன்னும் பெரிய கற்றல். இந்த நாட்டில் வரி கட்டி, எதிர்காற்றில் சைக்கிள் மிதித்து நான் விளங்கிக்கொண்டது இவ்வளவுதான்: பிழை விட ஆட்கள் வேண்டும். நகரசபையில் ஆட்கள் கிடையாது, பிரிவுகள்தான் இருக்கின்றன.

அப்படியொரு பிரிவில் கஜதீபன் வேலை செய்தான். ஜூலண்ட் தீபகற்பத்தின் நடுவே, ஏரிகளுக்குப் பக்கத்தில் இருக்கிற நகரசபை. பெயரைச் சொல்ல மாட்டேன். சொன்னால் என் கருத்துக்கு நன்றி தெரிவித்து நிரப்புவதற்கு ஒரு படிவம் அனுப்புவார்கள். பிரிவின் பெயர் ‘டிஜிட்டல் நல்வாழ்வு’. கந்தோரில், அதாவது அலுவலகத்தில், இருக்கிறவர்களின் கணினிகளுக்குப் படிவம் செய்து கொடுப்பது அவன் வேலை. அவனுடைய மனைவி ஷர்மினிக்கும் அதே நகரசபையில்தான் வேலை. ஆனால் அவளுக்குக் கந்தோர் இல்லை. காலையில் நகரசபையின் சின்னக் காரை எடுத்துக்கொண்டு, தனியே இருக்கிற வயதானவர்களின் வீடுகளுக்குப் போய்க் குளிப்பாட்டி, மருந்து கொடுத்து, கால் வீங்காமல் இருக்க இறுக்கமான மேசு, அதாவது நீளக் காலுறை, போட்டுவிட்டு வருவாள்.

யாருடைய வீட்டுக்கு எப்போது போக வேண்டும் என்று கந்தோரில் திட்டமிடுபவர்கள் கணினியில் பதிவார்கள். அது ஷர்மினியின் போனில் வந்து விழும். பழைய படிவத்தில் நேரத்தைக் கையால் தட்டச்சுச் செய்ய ஒரு வெற்றுப் பெட்டி இருந்தது. அதில் அவர்கள் ‘எட்டு மணி போல’ என்று எழுதினார்கள். ‘குளிச்சு முடியும்வரை’ என்று எழுதினார்கள். ஒருத்தி ‘பூனையைப் பற்றிக் கதைக்கத் தொடங்கினால் கால் மணி கூட’ என்று எழுதியிருந்தாள். இதை வாசித்துவிட்டுப் பிரிவின் தலைவி கிர்ஸ்டன் சொன்னாள்: “எழுத இடம் கொடுத்தால் மனிதர்கள் எழுதிவிடுகிறார்கள். இனி எழுத வேண்டாம். தெரிவு செய்யட்டும்.”

ஆகவே புதிய படிவம். இரண்டு பெட்டிகள். ஒன்று வரும் நேரம், மற்றது போகும் நேரம். பெட்டியின் ஓரத்தில் இருக்கிற அம்புக்குறியை அழுத்தினால் நேரங்களின் பட்டியல் கீழே விரியும். அதில் ஒன்றைத் தொட்டால் முடிந்தது. இதைக் கஜதீபன் கண்ணை மூடிக்கொண்டு செய்வான். அப்படித்தான் செய்தான் போலவும் இருக்கிறது.

அன்று வெள்ளிக்கிழமை. வெள்ளிக்கிழமை காலைகளில் டெனிஷ் கந்தோர்களில் எல்லோரும் ஒரு மேசையைச் சுற்றியிருந்து பாண் சாப்பிடுவார்கள். முறைவைத்து ஒருவர் வாங்கிவர வேண்டும். இந்த நாட்டின் அரசியல் யாப்பை மறந்தவனைக்கூட மன்னிப்பார்கள், தன் முறையன்று பாணின் மேல் வைக்கிற மெல்லிய சொக்கலேட் தகட்டை மறந்தவனை மன்னிக்க மாட்டார்கள். கஜதீபன் ஒருமுறை மறந்தவன். அதனால் இந்த முறை, வெதுப்பகத்தில் வரிசை நீள்வதற்கு முன் போய்விட வேண்டும் என்ற பதற்றத்தில், முதலாவது பெட்டியைச் செய்து முடித்ததும் அதையே பிரதி எடுத்துப் பக்கத்தில் ஒட்டினான். மேலே இருந்த பெயரை ‘போகும் நேரம்’ என்று மாற்றினான். காரை எடுத்துக்கொண்டு ஓடினான்.

இங்கே கொஞ்சம் கணினி. பயந்துவிட வேண்டாம், கொஞ்சம்தான். நேரங்கள் எல்லாம் ஓரிடத்தில் இருக்கும். பட்டியலை அந்த இடத்தோடு பிணைத்துவிட வேண்டும். எந்த நேரம் தெரிவாகியிருக்கிறது என்று பிடித்துக்கொண்டிருக்க ஒவ்வொரு பட்டியலுக்கும் ஒரு விரல் வேண்டும். பிரதி எடுத்து ஒட்டிய அவசரத்தில் கஜதீபன் இரண்டு பட்டியல்களையும் ஒரே விரலில் கட்டிவிட்டான். வரும் நேரத்தை எட்டுப் பத்து என்று தெரிவு செய்தால், போகும் நேரமும் தானாக எட்டுப் பத்துக்குப் போய் நிற்கும். போகும் நேரத்தை இழுத்து எட்டு முப்பத்தைந்தில் விட்டால், வரும் நேரமும் சத்தமில்லாமல் கூடவே வந்துவிடும். கடைசியாகத் தொட்டதுதான் இரண்டிலும் நிற்கும், திட்டமிடுபவர்கள் வருகை பிந்தக் கூடாது என்று வரும் நேரத்தைத்தான் கடைசியாகத் தொடுவார்கள். படிவத்தில் பிழைச்செய்தி எதுவும் வராது. கணினியைப் பொறுத்தவரை எல்லாம் ஒழுங்கு.

படிவத்தைப் பரிசோதிக்க ஒரு குழு இருந்தது. அது பல முறை கூடியது. ‘போகும் நேரம்’ என்ற சொல் வயதானவர்களின் மனத்தைப் புண்படுத்துமா என்று விவாதித்தது. பெட்டியின் நீல நிறம் நிறக்குருடு உள்ளவர்களுக்குத் தெரியுமா என்று ஒரு நிபுணரை அழைத்துக் கேட்டது. கடைசியில் படிவம் மிகவும் அமைதியான தோற்றம் கொண்டிருப்பதாக அறிக்கை எழுதிக் கையெழுத்து வைத்தது. இரண்டு பெட்டிகளையும் ஒன்றன்பின் ஒன்றாக யாரும் தொட்டுப் பார்க்கவில்லை.

திங்கட்கிழமை படிவம் நடைமுறைக்கு வந்தது. அன்று மாலை ஷர்மினி வாசலில் சப்பாத்தைக் கழற்றும்போதே தொடங்கினாள்.

“இண்டைக்கு போன்ல என்ன வந்த தெரியுமா? மாமாங்கம் அங்கிள்ட வீடு, வாற நேரம் எட்டுப் பத்து. போற நேரமும் எட்டுப் பத்து.”

கஜதீபன் சோறு போட்டுக்கொண்டிருந்தான். அகப்பை அந்தரத்தில் நின்றது.

“அந்த மனிசன் வோக்கரைப் பிடிச்சு எழும்பிக் கதவைத் திறக்கவே நேரம் போகும். நான் மேசு போட்டு வெளிய வாறதுக்குள்ள போன் சிவப்பாப் போயிட்டு. பிறகு நாள் முழுக்கச் சிவப்புத்தான். எல்லா வீடும் அப்படித்தான் கிடக்கு. ஆரு இதைச் செய்த விசரன்?”

“தெரியேல்லை. கொப்பன்ஹேகன்ல ஒரு கொம்பனி எண்டு நினைக்கிறன்” என்றான் கஜதீபன்.

அவ்வளவுதான். ஒரு சின்னப் பொய். மறுநாள் காலை திருத்திவிட்டால் பொய்யும் சேர்ந்து அழிந்துவிடும் என்று அவன் நினைத்தான். உண்மையிலேயே அப்படித்தான் நினைத்தான், இதில் அவனை நான் நம்புகிறேன். அன்றைக்குச் சோறு இறங்கவில்லை. கறியில் உப்புக் கூடவா என்று அவள் கேட்டாள். இல்லை, நல்லாயிருக்கு என்றான். அது இரண்டாவது பொய்.

மறுநாள் அவன் கிர்ஸ்டனிடம் போனான். கிர்ஸ்டனின் மேசையில் ஒரு வரைபடம் கிடந்தது. அதில் ஒரு கோடு மேலேயிருந்து செங்குத்தாக இறங்கித் தரையைத் தொட்டு, அங்கேயே படுத்திருந்தது.

“கஜ” என்றாள் கிர்ஸ்டன். அந்தக் கந்தோரில் அவன் பெயரை அந்த அளவோடு நிறுத்திக்கொண்டார்கள். “உட்கார். இதைப் பார். நேற்று எத்தனை வீடுகளுக்குப் போனோம் தெரியுமா? வழக்கம்போல எல்லா வீடுகளுக்கும். அதற்குத் திட்டமிட்ட நேரம் எவ்வளவு? இல்லை. நேரமே இல்லை.”

“அதைச் சொல்லத்தான் வந்தேன். அது பிழை. இரண்டு பட்டியல்களும் சேர்ந்தே நகரும்படி நான் பிணைத்துவிட்டேன். பத்து நிமிடத்தில் திருத்திவிடலாம்.”

கிர்ஸ்டன் அவனைப் பாசத்தோடு பார்த்தாள். “உன் அடக்கம் எனக்குப் பிடிக்கும். எத்தனை வருடமாக நாங்கள் நிமிடம் நிமிடமாகக் குறைத்து வருகிறோம். குளிப்பாட்டலில் குறைத்தோம். சாப்பாட்டில் குறைத்தோம். கடைசி நிமிடத்தில் கை வைக்க எங்கள் எவருக்கும் துணிவு வரவில்லை. உன்னுடைய படிவத்துக்கு அந்தத் துணிவு இருந்திருக்கிறது. நிதிக்குழுத் தலைவர் காலையிலேயே அழைத்தார். அவர் குரல் தழுதழுத்தது.”

“ஆனால் அந்த நேரத்துக்குள் யாராலும் எதையும் செய்ய முடியாதே.”

“அது அந்தந்தப் பணியாளரின் திறமையைப் பொறுத்தது. அதில் நாங்கள் தலையிடுவதில்லை. அவர்கள் தொழிலை நாங்கள் மதிக்கிறோம்.”

திருத்தத்தான் வேண்டுமென்றால் மாற்றக் கோரிக்கைப் படிவம் இருக்கிறது, முறைப்படி செய் என்று சொல்லிவிட்டு அவள் கோப்பியோடு எழுந்து போனாள். கஜதீபன் தன் இடத்துக்குப் போய் அந்தப் படிவத்தைத் திறந்தான். அதையும் அவன்தான் செய்திருந்தான். மாற்றத்துக்கான காரணத்தை ஒரு பட்டியலில் இருந்து தெரிவு செய்ய வேண்டும். மூன்று காரணங்கள் இருந்தன: ‘சட்டம் மாறியுள்ளது’, ‘பராமரிப்புப் பெறுபவரின் விருப்பம்’, ‘வெற்றியின் விரிவாக்கம்’. மூன்றாவதுக்கு எவருடைய அனுமதியும் தேவையில்லை, தொட்டவுடன் பச்சை விளக்கு எரியும். ஆனால் அதைக்கொண்டு இருப்பதை இன்னொரு படிவத்துக்குப் பரப்பலாம், திருத்த முடியாது. ‘எங்கள் பிழை’ என்றொரு காரணம் இருக்கவில்லை. அதைப் பட்டியலில் சேர்க்க ஒரு மாற்றக் கோரிக்கை வேண்டும். அந்தக் கோரிக்கைக்கு ஒரு காரணம் வேண்டும். களவாகத் திருத்தவும் வழி இல்லை. காரணம் ஒன்றைத் தெரிவு செய்யாமல் பூட்டுத் திறக்காது. அந்தப் பூட்டையும் அவனே செய்திருந்தான், அதை மட்டும் மிகக் கவனமாகச் செய்திருந்தான்.

இரண்டாவது காரணம் ஒன்று மிச்சம் இருந்தது. பராமரிப்புப் பெறுகிற ஒருவர், ஒரே ஒருவர், நேரம் போதவில்லை என்று கையெழுத்து வைத்தால் போதும். மாமாங்கம் மறுபேச்சில்லாமல் வைப்பார். முன்பு எஸ்பியர்க் துறைமுகத்தில் மீன் தொழிற்சாலையில் வேலை செய்தவர், மனைவி இறந்தபின் இந்த ஊரில் தனியே இருக்கிறார், நல்ல மனிதர். ஆனால் மாமாங்கத்திடம் போனால் அது ஷர்மினிக்குத் தெரியவரும். கொப்பன்ஹேகன் கொம்பனி எங்கே என்று அவள் கேட்பாள்.

கஜதீபன் போகவில்லை. அடுத்த கிழமை போகலாம் என்று வைத்தான். நகரசபையைத் திட்டிக்கொண்டு வந்த நான் இந்த இடத்தில் கொஞ்சம் வாயை மூடத்தான் வேண்டியிருக்கிறது.

இதற்கிடையில் வீட்டுப் பராமரிப்பாளர்கள் எல்லோரும் சிவப்பாகிக்கொண்டிருந்தார்கள். போனில் சிவப்பு என்றால் சொன்ன நேரத்துக்கு மேல் நின்றதாக அர்த்தம். இதை ஆராய்ந்த நகரசபை, நேரத்தில் குறை இல்லை, பயிற்சியில்தான் குறை என்று கண்டது. ஹென்னிங் என்றொரு ஆலோசகரை வரவழைத்தது. ஹென்னிங் மண்டபத்தின் நடுவில் மரச்சட்டத்தோடு ஒரு கதவை நிறுத்திவைத்திருந்தார். கதவுக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் ஒன்றும் இல்லை.

“நாங்கள் இவ்வளவு காலமும் ஒரு மூடநம்பிக்கையில் இருந்தோம்” என்று ஹென்னிங் தொடங்கினார். “ஒருவரிடம் போனால் அங்கே இருக்க வேண்டும் என்று நினைத்தோம். இருப்பது செலவு. வருவதுதான் அன்பு. யோசித்துப் பாருங்கள், உங்களுக்கு மிகவும் மகிழ்ச்சி தருகிற நொடி எது? விருந்தாளி வருகிற நொடி. அடுத்த மகிழ்ச்சி? அவர் போகிற நொடி. நடுவில் இருக்கிறது வெறும் களைப்பு. நாங்கள் நடுவை மட்டும்தான் எடுத்துவிட்டோம். எங்கள் மொழி இதை முன்பே அறிந்திருக்கிறது. வரும்போதும் ‘ஹய்’ என்கிறோம், போகும்போதும் ‘ஹய் ஹய்’ என்கிறோம். இனி ஒரு ஹய் போதும்.”

பராமரிப்பாளர்கள் வரிசையாக நின்று அந்தக் கதவைத் திறந்து, ஹய் சொல்லி, மூடிப் பழகினார்கள். ஷர்மினி மூன்றாவது தடவை கையைக் கொஞ்சம் கூடுதலாகக் கதவில் வைத்திருந்தாள் என்று ஹென்னிங் கனிவோடு சுட்டிக்காட்டினார். பயிற்சி முடிந்ததும் அவளைத் தனியே கூப்பிட்டுக் கதைத்தார்கள். உன் நாட்கள் எல்லாம் சிவப்பாக இருக்கின்றன, இப்படியே போனால் எழுத்தில் எச்சரிக்கை தர வேண்டிவரும், அதற்குப் பிறகு வேலை இல்லை என்றார்கள். அதையும் மிகவும் மரியாதையாகச் சொன்னார்கள், இங்கே எல்லாவற்றையும் மரியாதையாகத்தான் சொல்வார்கள்.

மறுநாள் அவள் போன் சொன்னபடி செய்தாள்.

மாமாங்கம் கதவைத் திறந்து வைத்திருந்தார். கதிரைக் கைப்பிடியில் மேசு இரண்டும் விரித்துக் கிடந்தன, அவள் எடுக்க லேசாக இருக்கட்டும் என்று அவரே எடுத்து வைப்பது வழக்கம்.

“ஹய் அங்கிள்” என்றாள் ஷர்மினி, வாசலில் நின்றபடி.

“வாங்க மகள். ஏன் அங்கேயே நிக்கிறீங்க? உள்ள வரல்லையா?”

“நேரமில்ல அங்கிள். மன்னிச்சிருங்க.”

“பரவாயில்ல மகள், ஓடுங்க. எனக்கு ஒண்டுமில்ல.”

அவளுடைய போன் பச்சையாக இருந்தது. அடுத்த நாளும் பச்சை. வேலை முடிந்த பிறகு தன் நேரத்தில் போகலாமென்றால் அதற்கும் தடை இருந்தது, பணியாளரின் நல்வாழ்வு கருதிப் போட்ட தடை. மாமாங்கத்துக்குக் குனிந்து மேசு போட ஏலாது. கால்கள் வீங்கின. பிறகு இடது காலில் தோல் வெடித்துப் புண்ணானது. கிழமை முடிவதற்குள் அவரை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோய்விட்டார்கள்.

அன்று ஷர்மினி பாத்திரம் கழுவிக்கொண்டே அழுதாள். தண்ணீரைத் திறந்துவிட்டுச் சத்தமில்லாமல் அழுதாள்.

“மேசு ரெண்டையும் கண்டிட்டுத்தான் வந்தனான். கதிரையில கிடந்தது. ரெண்டு எட்டு வச்சிருந்தா எடுத்திருப்பன். எனக்கு வேலைதான் பெரிசாப் போச்சு.”

“உம்மில ஒரு பிழையும் இல்லை” என்றான் கஜதீபன்.

“அப்ப ஆரில?”

அந்த இடத்தில் அவன் சொல்லியிருக்க வேண்டும். வாய் வரைக்கும் வந்தது. அவளுடைய அழுகை முடியட்டும், முடிந்ததும் சொல்லலாம் என்று நின்றான். அவள் அழுது முடித்து, கையைத் துடைத்துக்கொண்டு படுக்கப் போய்விட்டாள். அவள் கை துடைத்த துவாயை அவன் மடித்து வைத்தான், பிறகு விரித்து மறுபடி மடித்து வைத்தான். தன்னைப் போல ஒரு கோழை இந்த ஏரிகளைச் சுற்றி எங்கும் இருக்க மாட்டான் என்று அவனுக்குத் தோன்றியது.

நகரசபையில் கோழைகளுக்குப் பரிசு கொடுக்கும் வழக்கம் இல்லை. ஆகவே கஜதீபனுக்கு ‘ஆண்டின் டிஜிட்டல் துணிவு’ என்ற பரிசு கிடைத்தது. மண்டபத்தில் மேசைக்கு மேசை சின்னச் சின்ன டெனிஷ் கொடிகள் குத்தியிருந்தன. பாதாம் கேக் அடுக்கியிருந்தது. பயிற்சி முடித்த பராமரிப்பாளர்களுக்கும் அதே விழாவில் சான்றிதழ் கொடுப்பதாக ஏற்பாடு. அது கஜதீபனுக்கு மண்டபத்துக்குள் வந்த பிறகுதான் தெரிந்தது. ஷர்மினி மூன்றாவது வரிசையில் இருந்து அவனைக் கண்டு, நீங்களும் வந்தீங்களா என்பதுபோலத் தலையை ஆட்டினாள்.

கிர்ஸ்டன் மேடை ஏறினாள்.

“நண்பர்களே, வருகை குறையாமல் நேரத்தை இல்லாமல் செய்த நகரசபை நாங்கள். சிலர் கேட்கலாம், இதனால் வயதானவர்கள் பாதிக்கப்படவில்லையா என்று. இல்லை. ஒரு முறைப்பாடுகூட வரவில்லை. முறைப்பாட்டைத் தொலைபேசியில் எடுப்பதை நாங்கள் நிறுத்தியதில் இருந்து ஒன்றுகூட வரவில்லை. இந்தப் படிவத்தை நாங்கள் கொப்பன்ஹேகனில் இருந்து விலைக்கு வாங்கவில்லை. இதோ, எங்கள் சொந்தக் கஜ செய்தது. அவருடைய அடக்கத்தைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். படிவம் நடைமுறைக்கு வந்த மறுநாளே என்னிடம் வந்து, இது ஒரு பிழை, நான்தான் செய்தேன் என்றார். அப்படி ஒரு மனிதர். நான் விடவில்லை. இந்த வெற்றியை எல்லாப் பிரிவுகளுக்கும் விரிவாக்கும்படி இந்த மேடையில் வைத்தே அவரைக் கேட்டுக்கொள்கிறேன்.”

எல்லோரும் கைதட்டினார்கள். ஷர்மினி தட்டவில்லை. அவளுடைய பெயரைக் கூப்பிட்டபோது மேடைக்குப் போய்ச் சான்றிதழை வாங்கி, ஒரு நொடியும் நில்லாமல் இறங்கினாள். பயிற்சி நன்றாகப் பலித்திருக்கிறது என்று ஹென்னிங் பக்கத்தில் இருந்தவரிடம் சொன்னார்.

காரில் அவள் முன்னால் தெரிந்த தெருவையே பார்த்துக்கொண்டு வந்தாள். பெற்றோல் நிலையம் கடந்து, சிவப்பு விளக்கில் நின்றபோதுதான் வாயைத் திறந்தாள்.

“ரெண்டாம் நாளே தெரியுமா?”

“ஓம்.”

“அங்கிள்ட கால் வீங்கக்குள்ள தெரியுமா?”

“ஓம்.”

“நான் அழக்குள்ள?”

“ஓம்.”

விளக்குப் பச்சையானது. பின்னால் நின்ற கார் ஹோர்ன் அடிக்கும்வரை கஜதீபன் எடுக்கவில்லை. கண்ணீரில் அவனுக்குத் தெரு தெரியவில்லை.

“அழாதீங்க” என்றாள் ஷர்மினி. “அழுதா எனக்கு இன்னும் கோவம் வரும். நாளைக்கு என்ன செய்யப் போறீங்க, அதைச் சொல்லுங்க.”

மறுநாள் அவன் மாற்றக் கோரிக்கைப் படிவத்தைத் திறந்து மூன்றாவது காரணத்தைத் தெரிவு செய்தான். வெற்றியின் விரிவாக்கம். பச்சை விளக்கு எரிந்தது. தலைவி மேடையில் வைத்துக் கேட்டுக்கொண்டபடி, இரண்டு பட்டியல்களையும் ஒரே விரலில் கட்டிய அந்த முறையை அவன் முதலில் தன்னுடைய பிரிவுக்கே விரிவாக்கினான். கந்தோர்க்காரர் தாங்கள் வந்த நேரத்தையும் போன நேரத்தையும் பதிகிற படிவத்துக்கு.

இதன் கனம் விளங்க வேண்டுமானால் ‘ஃபிளெக்ஸ்’ என்றால் என்னவென்று தெரிய வேண்டும். டெனிஷ் கந்தோர்க்காரர் கொஞ்சம் கூடுதலாக வேலை செய்தால் அந்த நிமிடங்கள் அவர்கள் பெயரில் சேரும். அதுதான் ஃபிளெக்ஸ். சேர்த்துச் சேர்த்து, வெயில் வருகிற ஒரு நாளில் மத்தியானமே வீட்டுக்குப் போவார்கள். கிர்ஸ்டன் கடற்கரையில் இருக்கிற தன் கோடை வீட்டில் ஒரு முழுக் கிழமை நிற்பதற்காகப் போன மாரிகாலம் முழுவதும் சேர்த்திருந்தாள். வயதானவர்களின் நிமிடத்தை அவளால் குறைக்க முடியும், தன் ஃபிளெக்ஸில் ஒரு நிமிடத்தை எவரும் தொடுவதை அவளால் தாங்க முடியாது.

திங்கட்கிழமை எல்லோரும் வழமைபோலப் பதிந்தார்கள். காலை எட்டுக்கு வந்தேன், மாலை நான்குக்குப் போனேன். படிவம் சொன்னது: நான்குக்கு வந்தாய், நான்குக்குப் போனாய். இன்று நீ வேலை செய்யவில்லை. சேமிப்பில் இருந்து ஒரு நாள் கழிக்கப்படுகிறது. செவ்வாயும் ஒரு நாளைக் கழித்தது. புதன்கிழமை காலை கிர்ஸ்டன் கோப்பி இல்லாமல் வந்தாள். கோப்பி இல்லாமல் அவளைக் கஜதீபன் அதற்கு முன் கண்டதில்லை.

“கஜ, இது பிழை.”

“கற்றல் இல்லையா?”

“பிழை. நான் வேலைக்கு வந்திருக்கிறேன். இதே கதிரையில் முழு நாளும் இருந்திருக்கிறேன். மனிதர் ஒருவர் ஓரிடத்துக்கு வந்தால் அங்கே கொஞ்ச நேரம் இருப்பார் என்பது இந்தப் படிவத்துக்குத் தெரியாதா?”

“அதைத்தான் நானும் சொல்ல வந்தேன்” என்றான் கஜதீபன். “ஆனால் திருத்துவதற்குக் காரணம் ஒன்றைத் தெரிவு செய்ய வேண்டும். பட்டியலில் அந்தக் காரணம் இல்லை.”

“சேர்.”

“அதற்கும் ஒரு கோரிக்கை...”

“இப்போதே சேர்.”

அவள் தலைவிக்குரிய கடவுச்சொல்லைத் தட்டிப் பூட்டைத் திறந்துவிட்டுப் பக்கத்தில் நிற்க, அவன் பட்டியலில் நான்காவது காரணத்தைச் சேர்த்தான். ‘எங்கள் பிழை’ என்று தட்டச்சுச் செய்தான். ‘தொழில்நுட்பக் காரணம்’ என்று மாற்றச் சொன்னாள். மாற்றினான். பிறகு ஒவ்வொரு பட்டியலுக்கும் தனி விரலைக் கொடுத்தான். கந்தோர்ப் படிவத்தில் கொடுத்தான், அதே கையோடு வீட்டுப் பராமரிப்புப் படிவத்திலும் கொடுத்தான். வெள்ளிக்கிழமைப் பாணுக்கு வெண்ணெய் பூசி முடிக்கிற நேரம்கூடச் செல்லவில்லை.

பின்னர் வந்த அறிக்கையில், பணியாளர் நேரப் பதிவில் ஏற்பட்ட ஒரு கோளாறு தலைமையின் விழிப்பினால் மூன்றே நாளில் கண்டுபிடிக்கப்பட்டது என்று இருந்தது. வீட்டுப் பராமரிப்புப் படிவத்தில் கோளாறு எதுவும் இருக்கவில்லை என்றும், எல்லாப் படிவங்களும் ஒரே மாதிரி இருப்பது அழகு என்பதால் அதுவும் மாற்றப்பட்டது என்றும் இருந்தது. கழிந்த ஃபிளெக்ஸ் எல்லோருக்கும் நிமிடக் கணக்கில் திருப்பிக் கொடுக்கப்பட்டது. ஷர்மினியின் சிவப்புகளையும் அழிக்கும்படி கஜதீபன் கேட்டான். கிர்ஸ்டன் பதிவுகளைப் பொறுமையாகப் பார்த்துவிட்டுச் சொன்னாள்: “அன்றைக்குப் போகும் நேரம் எட்டுப் பத்து. அவள் வெளியே வந்தது எட்டு முப்பத்தைந்துக்கு. பதிவு சரியாகத்தான் இருக்கிறது, கஜ.”

மாமாங்கம் ஆஸ்பத்திரியில் இருந்து திரும்பிய சனிக்கிழமை ஷர்மினிக்கு வேலை இருந்தது. விடிய எழும்பி, உடுப்பு மாற்றிக்கொண்டிருந்தவள் கட்டிலில் கிடந்தவனைப் பார்த்தாள். விழாவுக்குப் பிறகு இருவரும் தேவையானதை மட்டும் கதைத்துக்கொண்டிருந்தார்கள்.

“எழும்புங்க. நீங்களும் வாங்க” என்றாள். “ஒரு காலுக்கு நான் போடுறன். மற்றக் காலுக்கு நீங்க போடுங்க.”

நகரசபையின் காரில் வெளியாரை ஏற்றக் கூடாது. அவன் தன் காரில் அவளுக்குப் பின்னாலேயே போனான்.

மாமாங்கம் மெலிந்திருந்தார். இடது காலில் புண் ஆறிக்கொண்டிருந்தது, பஞ்சு வைத்துச் சுற்றியிருந்தது. கதிரைக் கைப்பிடியில் மேசு இரண்டும் விரித்துக் கிடந்தன. ஷர்மினி கையுறை போட்டுக்கொண்டு இடது காலின் முன்னால் இருந்தாள். கஜதீபன் வலது காலின் முன்னால் முழங்காலில் இருந்தான். மேசு ஒன்றைக் கையில் எடுத்தான். அது அவன் நினைத்ததைவிடச் சின்னதாக, இறுக்கமாக இருந்தது.

“அங்கிள்” என்றான் நிலத்தைப் பார்த்தபடி. “அந்த நேரம் மாறி விழுந்தது என்னாலதான். நான்தான் அந்தப் படிவத்தைச் செய்தனான். பிழை எண்டு தெரிஞ்சும் பேசாமல் இருந்திட்டன். உங்களிட்டை வந்து ஒரு கையெழுத்து வாங்கியிருந்தால் உங்கட கால் இப்படி ஆகியிராது.”

மாமாங்கம் வலது காலை அவன் பக்கம் நீட்டினார்.

“அப்ப அது கொம்பியூட்டரா, மனே?”

“ஓம் அங்கிள். நான்தான்.”

“நான் வேற மாதிரி நினைச்சிட்டன்” என்றார் மாமாங்கம். ஷர்மினியைப் பார்த்தார். “இந்தப் பிள்ளை திடீரெண்டு வாசலோட போகத் தொடங்கினது. உள்ள வரவே இல்ல. நான் ஏதோ கூடாத கதை கதைச்சிட்டனாக்கும், பிள்ளைக்கு மனம் நொந்து போச்சாக்கும் எண்டு படுத்தா நித்திரை இல்ல. நான் என்ன சொன்ன, என்ன சொன்ன எண்டு யோசிச்சு யோசிச்சுப் பார்த்தன். ஆஸ்பத்திரியிலயும் அதுதான் யோசினை. என்னில என்ன பிழை எண்டு எனக்குப் பிடிபடவே இல்ல.”

ஷர்மினி தலையைத் திருப்பிக்கொண்டாள். கஜதீபன் மேசின் வாயைக் கால்விரல்களில் மாட்டி இழுத்தான். பாதம் வரை ஏறி, குதியில் வந்து நின்றது. இன்னும் பலமாக இழுத்தான். மாமாங்கம் முகத்தைச் சுளித்தார், ஆனால் வலிக்கிறது என்று சொல்லவில்லை.

“அப்படி இழுக்கப்படாது” என்றாள் ஷர்மினி. “கழட்டுங்க. முதல்ல உள்பக்கத்தை வெளிய புரட்டுங்க. குதியைச் சரியா வச்சிட்டு மெல்ல மெல்ல மேல கொண்டு போங்க. அவசரம் ஒண்டும் இல்ல.”

கஜதீபன் அந்த மேசு முழுவதையும் கழற்றி, உள்பக்கத்தை வெளியே புரட்டி, மறுபடி விரலில் இருந்து தொடங்கினான்.